கவர்னரை மாற்றினார்கள், பட்ஜெட் பள்ளம் அப்படியே இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநில கஜானாவைக் காலி செய்கிற முதல்வரை ஐந்து வருடம் காத்திருக்காமல் நடுவிலேயே இறக்கும் உரிமை மக்களுக்கு வேண்டும் என்று உங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கலிஃபோர்னியாவை ஒரே வரியில் உதாரணம் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், 2003-ல் பட்ஜெட்டில் கோட்டை விட்ட கவர்னரை மக்கள் நீக்கினார்கள், மாநிலம் நிமிர்ந்தது என்று. நீக்கியது உண்மை. நிமிர்ந்தது என்பது நடக்கவில்லை. அந்தச் சமயத்தில் நான் ஃப்ரீமான்ட்டில் அக்கா வீட்டில் தங்கி சான் ஹோசேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, அக்காவுக்கும் அத்தானுக்கும் இருந்தது. அந்த வருடம் முழுக்க வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சே இதுதான். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அங்கே கவர்னர் என்றால் நம் ராஜ்பவனில் இருக்கும் ஆளுநர் மாதிரி நியமனப் பதவி இல்லை. மாநிலம் முழுவதும் நேரடியாக ஓட்டுப் போட்டு நான்கு வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தலைவர். அதிகாரத்தில் நம் முதல்வர் இடத்தில் இருப்பவர். அந்த நாற்காலியில் 1999 ஜனவரியிலிருந்து இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் கிரே டேவிஸ். 2002 நவம்பரில் இரண்டாவது முறையும் ஜெயித்தார். 2003 ஜனவரியில் பதவியேற்றார், அடுத்த மாதமே அவரை நீக்கும் மனு வேலை ஆரம்பமாகிவிட்டது.

கார் வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தெருவில் ஜனங்களைக் கொதிக்க வைத்தது அதுதான். அக்டோபரில் முடியும் கார் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி அத்தானுக்கு மோட்டார் வாகனத் துறையிலிருந்து கடிதம் வந்தது. காரின் மதிப்பில் 0.65 சதவீதமாக இருந்த லைசென்ஸ் கட்டணம் 2 சதவீதம் ஆகியிருந்தது. 20,000 டாலர் மதிப்புள்ள கார் என்றால் 130 டாலர் கட்டிக்கொண்டிருந்த ஆள் இனி 400 டாலர் கட்ட வேண்டும். வீட்டில் இரண்டு கார். அதுவும் 2003 என்பது எங்கள் பகுதியில் தெரிந்தவர்களில் பாதிப் பேர் வேலை போய் ரெஸ்யூமேவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிய வருடம். அத்தான் அந்தக் கடிதத்தைக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டேன் பார்" என்றார். அவ்வளவுதான், வேறு எந்தப் பிரசாரமும் தேவைப்படவில்லை.

ஆனால் அந்தக் கட்டணத்தின் கதையை அந்தக் கடிதம் சொல்லாது. 2 சதவீதம் என்பது டேவிஸ் புதிதாகப் போட்டது இல்லை, பல காலமாக இருந்த விகிதம்தான். 1998-ல், டேவிஸுக்கு முன்னால் இருந்த குடியரசுக் கட்சி கவர்னர் பீட் வில்சன் காலத்தில், கஜானாவில் பணம் புரண்டபோது குறைக்க ஆரம்பித்தார்கள். டேவிஸ் காலத்தில் இன்னும் குறைத்தார்கள். இந்தப் பணம் நகராட்சிகளுக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) போய்ச் சேர வேண்டிய பணம், போலீசுக்கும் தீயணைப்புக்கும் சம்பளம் கொடுக்கிற பணம். அதனால் குறைத்த தொகையை மாநில அரசு தன் கையிலிருந்து ஈடுகட்டும், மாநிலத்திடம் காசு இல்லாமல் போனால் கட்டணம் பழைய இடத்துக்கு ஏறும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2003 ஜூனில் காசு இல்லை, ஏற்றினார்கள். வருடத்துக்குச் சுமார் 400 கோடி டாலர் விவகாரம். புதுக் கட்டணம் அமலுக்கு வந்த தேதி அக்டோபர் 1. கவர்னரை நீக்குவதற்கான தேர்தல் அக்டோபர் 7.

காசு ஏன் இல்லாமல் போனது? இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அந்த நீக்கத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

கலிஃபோர்னியாவில் 1978-ல் 13-வது பிரேரணை என்று ஒன்றை மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். வீடு, மனைக்கான வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வீட்டை விற்கும்வரை அந்த மதிப்பை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. அக்கா வீடு வாங்கியது 1999-ல். பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர் எழுபதுகளிலிருந்து அங்கேயே குடியிருப்பவர். ஒரே தெரு, ஒரே அளவு வீடு, ஒரே பில்டர் கட்டியது. அக்கா கட்டிய வரியில் ஒரு சின்னப் பங்குதான் அவர் கட்டினார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, வயதான காலத்தில் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க வேண்டாம் என்பதற்காகத்தான் ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் விளைவு என்னவென்றால், நிலையாக வந்துகொண்டிருந்த வரி பூட்டப்பட்டது, மாநிலம் வருமான வரியை நம்பியே வாழ வேண்டியதாகிவிட்டது. அந்த வருமான வரியிலும் பெரும்பங்கு மேல்தட்டில் இருக்கும் கொஞ்சம் பேரிடமிருந்து வருகிறது, அவர்கள் பங்கு விற்ற லாபத்திலிருந்தும் கம்பெனி தன் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குக் கொடுத்த உரிமையான ஸ்டாக் ஆப்ஷனிலிருந்தும்.

இணையக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த டாட்காம் காலத்தில் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பணம் எப்படி ஓடியது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். 2000-01 நிதியாண்டில் அந்த இரண்டு இனத்தில் மட்டும் சுமார் 1,700 கோடி டாலர் வரி வந்தது. தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் பங்குச் சந்தைக் குறியீடு 2000 மார்ச்சில் உச்சத்துக்குப் போய், 2002 அக்டோபருக்குள் முக்கால்வாசிக்கும் மேல் மதிப்பை இழந்தது. வரியும் கூடவே விழுந்தது, அடுத்த வருடமே அதில் பாதிகூட வரவில்லை. பணம் வந்த இரண்டு வருடத்தில் மாநிலத்தின் பொது நிதிச் செலவோ சுமார் 5,800 கோடியிலிருந்து 7,800 கோடி டாலருக்கு ஏறியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்குக் கூடுதல் பணம், வரிச் சலுகை, சம்பள உயர்வு என்று இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் ஏற்றினார்கள். வந்தது ஒரு தடவை வந்த பணம், போட்டதோ வருடா வருடம் நிற்கிற செலவு. டேவிஸ் இதைத் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. இது அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதற்கு நடுவில் மின்சாரம். 1996-ல் வில்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் மின்சாரச் சந்தை திறந்துவிடப்பட்டது. 2000 கோடையில் சான் டியேகோவில் மக்களுக்கு வந்த பில் இரண்டு, மூன்று மடங்காக ஏறியது. 2001 ஜனவரியில் சுழற்சி முறையில் மின்வெட்டு. சிக்னல் விளக்கெல்லாம் அணைந்து கார்கள் நான்கு பக்கமும் நின்றதை நானே பார்த்தேன், நம் ஊர் மின்வெட்டுக்குப் பழகிய எனக்கே அங்கே அது அதிர்ச்சியாக இருந்தது. மின் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்க யாரும் தயாராக இல்லாததால் மாநில அரசே மின்சாரம் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது. ஏப்ரலில் பெரிய நிறுவனமான பி.ஜி. அண்ட் ஈ. திவால் மனு போட்டது. விலை உச்சத்தில் இருந்தபோது டேவிஸ் அரசு பல வருடங்களுக்கான கொள்முதல் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது, மொத்தம் 4,000 கோடி டாலருக்கும் மேல், பிறகு சந்தையில் விலை இறங்கிவிட்டது. என்ரான் மாதிரி மின்சார வியாபாரிகள் செயற்கையாகத் தட்டுப்பாட்டை உண்டாக்கி விலையை ஏற்றிய விவரம் 2002-ல் அவர்களுடைய சொந்தக் குறிப்புகளிலிருந்தே வெளிவந்தது. ஆனால் ஜனங்கள் மனதில் இருட்டுக்கு ஒரே பெயர்தான் பதிந்திருந்தது, டேவிஸ்.

அவர் தங்கமான மனிதர் என்று வாதாட நான் வரவில்லை. நிதி திரட்டுவதிலேயே குறியாக இருந்தவர் என்று அவர் கட்சிக்காரர்களே சலித்துக்கொள்வார்கள். 2002-ல் குடியரசுக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், தன்னை ஜெயிக்கக்கூடிய ரிச்சர்ட் ரியோர்டனுக்கு எதிராகச் சுமார் ஒரு கோடி டாலர் செலவில் விளம்பரம் போட்டு அவரைத் தோற்கடிக்க வைத்தார், பலவீனமான பில் சைமன் எதிரே வந்து நின்றார். எதிர்க்கட்சியின் வேட்பாளரையும் நானே தேர்ந்தெடுப்பேன் என்பது மாதிரியான வேலை அது. நவம்பரில் தேர்தல் முடிந்தது. டிசம்பரில், அடுத்த ஒன்றரை வருடத்துக்கான பற்றாக்குறை 3,480 கோடி டாலர் என்று அறிவித்தார். 2003 மே மாதத்தில் அது 3,820 கோடி ஆனது. தேர்தலுக்கு முன்னால் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்களுக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. அந்தக் கோபம் நியாயமான கோபம்.

சரி, பள்ளம் தெரிந்துவிட்டது, அடைக்க வேண்டியதுதானே? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் சட்டமன்றத்தில் பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், அதுவும் கிடைக்காவிட்டால் ஆட்சியே போய்விடும். கலிஃபோர்னியாவில் அப்போது பட்ஜெட்டை நிறைவேற்றவே இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், வரியை ஏற்றவும் அதேதான். 80 பேர் சபையில் 54, 40 பேர் செனட்டில் 27. டேவிஸ் கட்சிக்கு இரண்டு அவையிலும் பெரும்பான்மை இருந்தது, ஆனால் அந்த எண்ணிக்கைக்குச் சில இடங்கள் குறைவு. அமெரிக்காவில் பட்ஜெட்டுக்கு இப்படியொரு கட்டாயம் வைத்திருந்த மாநிலங்கள் அப்போது கலிஃபோர்னியா, ஆர்கன்சா, ரோட் ஐலண்ட் மட்டும்தான். வரி உயர்வுக்கு ஓட்டுப் போடும் தன் கட்சிக்காரரை அடுத்த தேர்தலில் தானே எதிர்த்துப் பிரசாரம் செய்வேன் என்று செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் ஜிம் ப்ரூல்ட்டி பகிரங்கமாகவே சொன்னார். அந்தப் பக்கம் ஜனநாயகக் கட்சியினர் செலவை வெட்டத் தயாராக இல்லை. ஜூலை 1-ல் நிதியாண்டு தொடங்கிவிட்டது, பட்ஜெட் இல்லை. கடைசியில் ஆகஸ்ட் 2-ம் தேதி டேவிஸ் கையெழுத்திட்ட பட்ஜெட், 1,000 கோடி டாலருக்கும் மேல் கடன் வாங்கி அடுத்த வருடங்களுக்குத் தள்ளிவிடும் பட்ஜெட்.

இதன் வலி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். அக்கா வேலை பார்த்த பள்ளியில், பெயர் வேண்டாம், மார்ச் 15-க்குள் இளம் ஆசிரியர்கள் சிலருக்கு அடுத்த வருடம் வேலை இருக்காமல் போகலாம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்புறம் பாதிப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், ஆனால் அந்த மூன்று மாதம் அவர்கள் எந்த மனதோடு வகுப்புக்குப் போனார்கள் என்பதை அக்கா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். சமுதாயக் கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 11 டாலராக இருந்த கட்டணம் 18 ஆனது, அடுத்த வருடம் 26. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டணம் ஒரே வருடத்தில் 30 சதவீதம் வாக்கில் ஏறியது. வேலை போய்ப் புதிதாக ஒரு படிப்பு படித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரி வாசலுக்கு வந்தவர்கள்தான் அந்தக் கட்டணத்தைக் கட்டினார்கள்.

இப்போது அந்த மனுவுக்கு வருகிறேன். பதவியில் இருப்பவரை நீக்கும் உரிமை கலிஃபோர்னிய அரசியல் சட்டத்தில் 1911-லேயே, ஹைரம் ஜான்சன் கவர்னராக இருந்தபோது வந்தது. ரயில்வே கம்பெனி மாநில அரசியலையே சட்டைப்பையில் வைத்திருந்த காலம், அதற்கு எதிராக வந்த உரிமை, நல்ல நோக்கம்தான். கடைசியாக நடந்த கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டில் 12 சதவீதம் கையெழுத்து இருந்தால் போதும். 2002-ல் ஓட்டுப் போட வந்தவர்களே குறைவு என்பதால் தேவைப்பட்ட கையெழுத்தும் குறைந்துபோய் 8,97,158 ஆனது. டெட் காஸ்டா என்ற வரி எதிர்ப்பு ஆர்வலர் தொடங்கிய மனு முதலில் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. டாரல் ஐசா என்ற குடியரசுக் கட்சி எம்.பி., கார் அலாரம் தொழிலில் சம்பாதித்த பெரும் பணக்காரர், தன் சொந்தப் பணத்தில் 10 லட்சம் டாலருக்கும் மேல் இறக்கிய பிறகுதான் அது ஓட ஆரம்பித்தது. சூப்பர் மார்க்கெட் வாசலில் மடக்கு மேசை போட்டு நின்றவர்கள் பலருக்கு ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை வாசலில் நின்ற பையனிடம் நான் பேசினேன், டேவிஸ் என்ன தப்பு செய்தார் என்று கேட்டால் "கார் வரி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். ஜூலை 23-ல் மனு செல்லும் என்று அறிவித்தார்கள். 60-லிருந்து 80 நாளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும்.

வாக்குச்சீட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையாளர் அதைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். வாக்காளர்களுக்கு முன்கூட்டியே மாதிரி வாக்குச்சீட்டுப் புத்தகம் தபாலில் வரும். அக்கா அதை மேசையில் விரித்து வைத்துப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். 135 வேட்பாளர்கள். 3,500 டாலர் கட்டணமும் 65 கையெழுத்தும் இருந்தால் யாரும் நிற்கலாம். அதனால் சிறு வயதில் டிவியில் நடித்த கேரி கோல்மன், ஆபாசப் பத்திரிகை முதலாளி லாரி ஃப்ளிண்ட் எல்லாம் பட்டியலில். எழுத்தாளரான அரியானா ஹஃபிங்டன் போட்டியிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்த பிறகும் அவர் பெயர் அச்சில் இருந்தது. அகர வரிசைகூடக் கிடையாது, குலுக்கல் போட்டு எடுத்த எழுத்து வரிசை, அதுவும் தொகுதிக்குத் தொகுதி சுழற்றி அடித்தது. பாட்டி வயதில் இருப்பவர்கள் அந்தச் சீட்டில் தங்களுக்கு வேண்டிய பெயரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அதைவிடப் பெரிய கோளாறு கேள்விகளின் அமைப்பில் இருந்தது. ஒரே சீட்டில் இரண்டு கேள்வி. டேவிஸை நீக்கலாமா, ஆமாம் அல்லது இல்லை. நீக்கப்பட்டால் அடுத்து யார். இரண்டாவது கேள்வியில் டேவிஸ் பெயர் இருக்கக் கூடாது. முதல் கேள்வியில் பாதிக்கு மேல் வேண்டும், இரண்டாவதில் மற்றவர்களைவிட ஒரு ஓட்டுக் கூட இருந்தால் போதும். அதாவது 49 சதவீதம் பேர் வேண்டும் என்று சொன்ன ஆளை இறக்கிவிட்டு, 25 சதவீதம் பேர் மட்டும் வேண்டும் என்று சொன்ன ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கச் சட்டப்படி முடியும். 2003-ல் அப்படி நடக்கவில்லை. நீக்கலாம் என்று 55.4 சதவீதம், குடியரசுக் கட்சிக்காரரான நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகருக்கு 48.6 சதவீதம். எண்ணிக்கையிலும் டேவிஸுக்கு ஆதரவாக விழுந்த சுமார் 40 லட்சம் ஓட்டைவிட அர்னால்டுக்குச் சுமார் 2 லட்சம் கூடுதல். அதனால் அவர் வெற்றியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாநிலத்தின் ஆட்சி அப்படித் தற்செயலாகச் சரியாக அமைவதை நம்பி இருக்கக் கூடாது.

அர்னால்ட் தன் போட்டியை அறிவித்ததே ஆகஸ்ட் 6-ம் தேதி ஜே லெனோவின் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில். பிரசாரத்தில் ஒரு பழைய காரின் மேல் கிரேனிலிருந்து பெரிய எடையைப் போட்டு நசுக்கி, கார் வரியை இப்படித்தான் செய்வேன் என்று காட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. 3,820 கோடி டாலர் பள்ளத்தை எந்த வரியால், எந்தச் செலவைக் குறைத்து அடைப்பீர்கள் என்று கேட்டவர்களுக்கு, முதலில் கணக்கைத் தணிக்கை செய்து பார்க்கிறேன் என்பதுதான் பதில். அறுபது, எழுபது நாளில் முடிகிற தேர்தலில் அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை.

நவம்பர் 17-ம் தேதி பதவியேற்றார். அன்றைக்கே கார் கட்டண உயர்வை ரத்து செய்து உத்தரவு போட்டார். அத்தானுக்கும் கூடுதலாகக் கட்டியது திரும்பி வந்தது, வீட்டில் சந்தோஷம்தான், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் நகராட்சிகளுக்கு அந்த 400 கோடி டாலரை மாநிலம்தானே கொடுத்தாக வேண்டும்? ஏற்கெனவே இருந்த பள்ளத்தில் முதல் நாளே இன்னும் 400 கோடி ஆழம் வெட்டினார்கள். 2004 மார்ச்சில் மக்களிடம் போய் 1,500 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அனுமதி கேட்டார், கிடைத்தது. அந்தக் கடனை அடைத்து முடித்தது 2015-ல். டேவிஸ் செய்த அதே வேலையை, அதைவிடப் பெரிய தொகைக்கு, மக்கள் சம்மதத்தோடு செய்தார்.

2005-ல் செலவுக்கு உச்சவரம்பு உட்பட நான்கு பிரேரணைகளைத் தனித் தேர்தலில் மக்கள் முன் வைத்தார், நான்கும் தோற்றன. 2008-ல் உலகச் சந்தை விழுந்தது, மறுபடி அதே கதை. வருமான வரி சரிந்தது, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை, அவை முடங்கியது. 2009 பிப்ரவரியில் ஒரு வழியாக உடன்பாடு வந்தபோது அதில் என்ன இருந்தது தெரியுமா? கார் கட்டணம் 0.65-லிருந்து 1.15 சதவீதம். கையெழுத்திட்டவர் அர்னால்ட். நான் இதை அவரை மட்டம் தட்டச் சொல்லவில்லை, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கடைசியில் அதே கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வருடம் ஜூலையில் மாநில அரசிடம் ரொக்கம் தீர்ந்துபோய், வரி ரீஃபண்ட் வர வேண்டியவர்களுக்கும் அரசுக்குச் சரக்குக் கொடுத்த சிறு வியாபாரிகளுக்கும் காசோலைக்குப் பதிலாக, அக்டோபரில் பணம் தருகிறோம் என்று எழுதிய கடன் சீட்டை அனுப்பினார்கள். முதலில் வாங்கிக்கொண்ட பெரிய வங்கிகள் சில நாளிலேயே வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன. அரசு ஊழியர்களுக்கு மாதத்தில் மூன்று நாள் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. அர்னால்ட் பதவியை விட்டுப் போகும்போது அவருக்கு இருந்த ஆதரவு, டேவிஸ் விழுந்த அதே கால்வாசிக்கும் கீழான அளவு. 2011 ஜனவரியில் அடுத்து வந்த ஜெர்ரி பிரவுன் கையில் சுமார் 2,500 கோடி டாலர் பற்றாக்குறை.

எது மாற்றியது என்றால், 2010 நவம்பரில் மக்கள் 25-வது பிரேரணைக்கு ஓட்டுப் போட்டார்கள், பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஆனது. 2012-ல் 30-வது பிரேரணை, விற்பனை வரி கொஞ்சமும் பணக்காரர்களின் வருமான வரியும் சில வருடங்களுக்கு ஏறின. பொருளாதாரமும் எழுந்தது. அடுத்த வருடமே பட்ஜெட் நேரானது. இரண்டுமே மக்கள் ஓட்டுப் போட்டு நடந்தவைதான், ஆனால் அந்த ஓட்டு விதியை மாற்றியது, வரியை மாற்றியது. (பிரவுன் முதல் தடவை கவர்னராக இருந்தபோது அவருடைய தலைமை உதவியாளர் யார் என்றால் இதே கிரே டேவிஸ்தான்.) பங்குச் சந்தையை நம்பி இருக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை, அதற்காகத்தான் இப்போது நல்ல வருடத்தில் சேமிப்பு நிதிக்குப் பணத்தைக் கட்டாயம் எடுத்து வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் இப்படி நீக்கப்பட்ட கவர்னர்கள் மொத்தமே இரண்டு பேர். இன்னொருவர் வடக்கு டகோட்டாவின் லின் ஃப்ரேசியர், 1921-ல். விவசாய விலை சரிந்து, மாநில அரசு புதிதாகத் தொடங்கிய வங்கி திணறிய நேரம், அதுவும் பணப் பிரச்சினைதான். நீக்கிய அதே ஜனங்கள் அடுத்த வருடமே அவரை வாஷிங்டனுக்கு செனட்டராக அனுப்பினார்கள், 1941 வரை அங்கே இருந்தார். அந்த வங்கியும் மாநில மாவு ஆலையும் இன்றுவரை நடக்கின்றன. விஸ்கான்சினில் 2012-ல் ஸ்காட் வாக்கர் தப்பித்தார், கலிஃபோர்னியாவில் 2021-ல் கேவின் நியூசம் தப்பித்தார், அந்தத் தேர்தலுக்கு மட்டும் சுமார் 20 கோடி டாலர் செலவு.

இதை நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்கள் அளவில் இது இருக்கிறது, 2008-ல் சத்தீஸ்கரில் மூன்று பேர் நீக்கவும்பட்டார்கள். உள்ளாட்சியில் சரி, நான் எதிர்க்கவில்லை, அங்கே தலைவரை ஊரே நேரில் பார்க்கிறது. முதல்வர் விஷயத்தில் எப்படிச் செய்வது? நம் முதல்வரை மாநிலம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ., சபையின் பெரும்பான்மையால் முதல்வர். அவர் தொகுதியில் மட்டும் மனு போட்டால் 234 தொகுதிக்கான ஆட்சியை ஒரு தொகுதி கவிழ்த்துவிடும், பணமுள்ள யாரும் அந்த ஒரு தொகுதியில் மேசை போட்டு உட்காரலாம். மாநிலம் முழுக்க ஓட்டு என்றால் அரசியல் சட்டத்தையே மாற்ற வேண்டும். அமெரிக்கக் கவர்னரை சபை நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்க முடியாது, அதனால் அங்கே அந்த உரிமைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. இங்கே அந்த வழி ஏற்கெனவே சபையில் திறந்திருக்கிறது.

கட்டுரையாளர் மறந்துபோன இன்னொன்று. கலிஃபோர்னியா டேவிஸை நீக்கிய அதே 2003-ல் தமிழ்நாட்டிலும் கடும் நிதி நெருக்கடி. ஜெயலலிதா அரசு ஓய்வூதியச் சலுகைகளில் கை வைத்தது, ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே நேரத்தில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது. என் சித்தப்பா அதில் ஒருவர், வேலை திரும்பக் கிடைக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எங்களுக்குத் தெரியும். நம்மிடம் அவரை நீக்கும் மனு இல்லை. 2004 மே மாதம் மக்களவைத் தேர்தல் வந்தது, தமிழகத்தின் 39 இடத்தையும் புதுச்சேரியையும் அ.தி.மு.க. கூட்டணி மொத்தமாக இழந்தது. முடிவு வந்த சில நாளிலேயே விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், ரேஷன் கட்டுப்பாடு நீக்கம், ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளில் தளர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவுகள் வந்தன. முதல்வர் அதே முதல்வர்தான், மாறியது கொள்கை. சித்தப்பாவுக்கு வேண்டியதும் அதுதான். அதில் நிதிக்கு எது நல்லது, எது கெட்டது என்பது வேறு விவாதம்.

கட்டுரையாளருக்கு ஒரே ஒரு கேள்வி, அடுத்த கட்டுரையில் பதில் எழுதினால் மகிழ்ச்சி. முதல்வரை இறக்கச் சொல்லி ஒருவர் கையெழுத்துக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த மானியத்தைக் குறைப்பீர்கள், எந்த வரியை ஏற்றுவீர்கள், எவ்வளவு கடன் வாங்குவீர்கள், யார் பெயரில் அதைச் செய்வீர்கள் என்று அந்த மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால், அதில் கையெழுத்துப் போட நீங்கள் தயாரா?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி